பாப்பம்மா நகர்த்திய இலை

ஒக்டோபர் மாதத்து இடி ஒன்று பேராதனைப் பக்கம் விழுந்த மத்தியானம், தர்ஷிகா வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் மூன்று பொருட்கள் செத்துப்போயின. ஒரு மின்விசிறி, தேநீர் போடும் மின்கேத்தல், பெரிய நுணுக்குக்காட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி. முதல் இரண்டையும் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மூன்றாவதுதான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது.

தேயிலை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்பது அந்த ஆய்வுகூடத்தின் வேலை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவற்றுக்கு இலைவாய் என்று பெயர். ஒவ்வோர் இலையிலும் இருநூறு இடங்களைப் படம்பிடிக்க வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழே இலையை வைக்கும் மேடையில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று இடம் வலம் நகர்த்தும், மற்றது முன்னும் பின்னும். அவற்றை இயக்கிய பெட்டி கருகிப்போனதால் இனி திருகாணியைக் கையால்தான் திருக வேண்டும். ஓர் இலைக்கே இரண்டு நாள் எடுத்தது. நுணுக்குக்காட்டி செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த வகைப் பெட்டி செய்வதை நிறுத்திப் பல வருடமாகிறது என்று பதில் வந்தது.

தர்ஷிகாவுக்கு இருபத்தேழு வயது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் இலத்திரனியல் படித்துவிட்டு, மூன்று வருடமாக இங்கே உதவியாளராக இருந்தாள். கண்ணாடித் தட்டு கழுவுவது, சீட்டு ஒட்டுவது, காலையில் இயந்திரங்களைப் போடுவது, பின்னேரம் நிறுத்துவது. அதற்கு மேல் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கம்பெனியின் பதில் வந்த மறுநாள் அவளாகவே ஆய்வுகூடத் தலைவர் ராஜலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

“சேர், மோட்டார் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பெட்டிதான் போச்சு. பெட்டி செஞ்ச வேலையை வேற ஒன்னு செஞ்சாப் போதும்.”

“வேற ஒன்னுன்னா?”

“ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சேர். கம்ப்யூட்டர்ல இருந்து நாம எழுத்து அனுப்பினா, அது வாங்கிக்கிட்டு மோட்டாரைத் திருப்பும்.”

ராஜலிங்கம் தாவரவியல்காரர். செடியைக் கண்டால் அவருக்குப் பயமில்லை, வயரைக் கண்டால் பயம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்தாலும் நான்தான் பதில் சொல்லணும்” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “லென்ஸைக் கழட்டி அலுமாரியில வச்சுப் பூட்டுங்க. பிறகு என்னமும் செய்ங்க” என்றார்.

அந்தச் சனிக்கிழமை தர்ஷிகா கண்டி டவுனுக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் அடியில் பாரூக் நானாவின் கடை இருந்தது. திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பவர். ரேடியோ திருத்துகிறவர்களும் கம்பஸில் படிக்கிற பிள்ளைகளும் அவரிடம்தான் சாமான் வாங்குவார்கள். தர்ஷிகா தனக்கு வேண்டியதைச் சொன்னதும், உள்ளங்கையில் அடங்கும் நீல நிறப் பலகை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, ஒரு வயரால் தன் மடிக்கணினியில் கொளுவினார்.

“இதுக்குக் கண்ணில்ல தங்கச்சி, காது மட்டும்தான் ஈக்கி. நீங்க ஒரு எழுத்து அனுப்புங்க, அது கேக்கும். எந்த எழுத்துக்கு என்ன செய்யணும்டு நீங்கதான் முன்னுக்கே சொல்லி வைக்கணும்.”

அவர் ஓர் எழுத்தைத் தட்டினார். பலகையின் மூலையில் கடுகளவு விளக்கு எரிந்தது. வேறோர் எழுத்தைத் தட்டினார், அணைந்தது. ஆயிரம் தரம் செய்து காட்டியிருப்பார். ஆனாலும் தர்ஷிகாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

சுவரில் சுவிட்சைப் போட்டால் பல்பு எரிவது அவளுக்குத் தெரியாததல்ல. கல்லூரியிலும் இப்படியான பலகைகளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். முப்பது பேருக்கு ஒன்று என்பதால் கைக்கு எட்டியதில்லை. இப்போது அவளே தட்டினாள். அவள் விரல் விளக்கைத் தொடவில்லை. வெறும் ஓர் எழுத்து வயருக்குள் இறங்கிப் போய் அந்தப் பக்கத்தில் வெளிச்சமாக வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும். பின்னால் இரண்டு பேர் சாமான் வாங்கக் காத்து நின்றார்கள். பாரூக் நானா அவர்களிடம், “கொஞ்சம் பொறுங்க, புள்ள பேசிப் பழகுது” என்றார்.

ஆய்வுகூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. பலகையை மோட்டார்களோடு இணைத்தாள். என்ன எழுத்து வந்தால் எந்த மோட்டார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதிப் பலகைக்குள் ஏற்றினாள். கட்டளை கிடைத்ததும் ‘சரி’ என்று ஒரு சொல்லைத் திருப்பி அனுப்பவும் சொல்லி வைத்தாள்.

முதல் நாள் ‘சரி’ வரவில்லை. திரையில் பெட்டிகளும் கேள்விக்குறிகளும் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல்களும் வந்தன. மோட்டார் நுளம்பு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. வயர்களைக் கழற்றிப் பூட்டினாள். ஈயம் வைத்த இடங்களை உருக்கித் திரும்ப வைத்தாள். இரண்டு நாள் போயிற்று. அடுத்த மேசையில் வேலை செய்த கிருஷ்ணராஜ், “அது சிங்களமும் இல்ல, தமிழும் இல்ல, ஏதோ பேய் பாஷை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாஷை என்ற சொல்தான் அவளை நிறுத்தியது. எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தாள். பிழை இரண்டாவது வரியிலேயே கிடந்தது. விநாடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துடிப்பு வேகத்தில் கேள் என்று பலகைக்குச் சொல்லியிருந்தாள். கணினியோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பாஷைதான் பேசினார்கள். ஒருவருடைய வேகம் மற்றவருக்குப் பிடிபடவில்லை. அவ்வளவுதான்.

கணினியில் அந்த ஓர் எண்ணை மாற்றினாள். வலப்பக்கத்துக்கான எழுத்தையும் பத்து என்ற எண்ணையும் தட்டி அனுப்பினாள்.

டிக் என்று பல்லி சொன்னதுபோல ஒரு சத்தம். திரையில் ஒரு சொல் வந்து நின்றது.

சரி.

தர்ஷிகா கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை அசைந்ததா என்று கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. தெரியவும் முடியாது. மோட்டாரின் ஓர் அடி என்பது தலைமுடியின் தடிப்பில் பதினான்கில் ஒரு பங்கு. மாணவர்கள் பழகும் பழைய லென்ஸ் ஒன்றைப் பூட்டி, மேடையில் ஒரு தேயிலையை வைத்து, மறுபடி அனுப்பினாள். திரையில் இலை நரம்பு துளி நகர்ந்து நின்றது. அவள் கேட்ட அளவு, கேட்ட பக்கத்துக்கு. எத்தனையோ பெரிய இயந்திரங்களை அவள் தினமும் போட்டு நிறுத்தியிருக்கிறாள். சொன்னதைக் கேட்டு, கேட்டேன் என்று பதிலும் சொன்ன முதல் பொருள் இதுதான்.

மறுநாள் சந்தோஷத்தில் ஒரு பூச்சியம் கூடுதலாகத் தட்டிவிட்டாள். ஆயிரம் அடிக்குப் பதிலாகப் பத்தாயிரம். மேடை உறுமிக்கொண்டு ஓரத்தை நோக்கி ஓடியது. அவள் என்ன எழுத்து அனுப்பியும் பலகை கேட்கவில்லை. சொன்ன அடிகளை எண்ணி முடிக்கும்வரை வேறெதையும் கேட்காதபடிதான் அவள் அதைப் பழக்கியிருந்தாள். பாய்ந்து போய்ச் சுவரில் மின்சாரத்தை நிறுத்தினாள். லென்ஸ் அலுமாரியில் பூட்டியிருந்தது எவ்வளவு நல்லது! பிறகு, ஒவ்வோர் அடி வைத்ததும் புதிய எழுத்து வந்திருக்கிறதா என்று பார், வந்திருந்தால் நில் என்று திருத்தி எழுதினாள். எண்களைத் தட்டுவதற்குப் பதில், விசைப்பலகையின் நான்கு அம்புக்குறிகளாலேயே இலையை நகர்த்தவும் வழி செய்தாள். அடுத்த திங்கட்கிழமை ராஜலிங்கம் தானே அலுமாரியைத் திறந்து, லென்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை தர்ஷிகாவின் அம்மா பாப்பம்மா கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வந்தாள். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்த கை. இப்போது வலக்கையில் மூன்று விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. காலையில் கொஞ்சம் மடங்கும், வெயில் ஏற ஏற விறைத்துவிடும். கிளினிக் பத்து மணிக்கே முடிந்தது. மடுல்கெல்ல பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால், தர்ஷிகா அம்மாவைத் தன் வேலைத்தலத்துக்குக் கூட்டி வந்தாள். மூன்று வருடத்தில் பாப்பம்மா அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

“போட்டுக்கிட்டே வாங்கம்மா. கோயிலா இது?”

“இருக்கட்டும். சுத்தமா வச்சிருக்காங்க.”

முந்தின நாள் தொலைபேசியில் தர்ஷிகா கேட்டிருந்தபடி, ஈரத்துணியில் சுற்றி, சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் மடித்துக் கொஞ்சம் இலை கொண்டுவந்திருந்தாள். கொழுந்தும் இருந்தது, கீழே இருக்கும் முற்றின இலையும் இருந்தது. தர்ஷிகா ஒரு முற்றின இலையை எடுத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி மேடையில் வைத்தாள். கணினித் திரைக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டாள். பாப்பம்மா நுனியில் உட்கார்ந்தாள்.

“இந்தக் கம்ப்யூட்டரு இங்க இருக்கு. அது அங்க இருக்கு. எப்புடி இது சொல்றது அதுக்குக் கேக்கும்?”

“இந்த வயர் வழியாத்தான். சீரியல்ம்பாங்க.”

“சீரியலா? டீவியில அழுவுறாங்களே, அதா?”

தர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. “அது இல்லம்மா. ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னாப் போறது. நீங்க நிறுவைக்குச் சாக்கத் தூக்கிக்கிட்டு வரிசையில போவீங்கல்ல? ஒராள் வச்சிட்டு நகர்ந்தாத்தான் அடுத்த ஆள். அந்த மாதிரி எழுத்தெல்லாம் வரிசையாப் போகும். அந்தப் பக்கம் வாங்கிக்கிறவரு ஒவ்வொன்னாப் பார்த்துப் பதிஞ்சுக்குவாரு.”

“தள்ளுமுள்ளு இல்லாமலா?”

“இல்லாம.”

“அப்ப நம்ம தோட்டத்த விட நல்ல எடம்தான்” என்றாள் பாப்பம்மா.

தர்ஷிகா வெளிச்சத்தைச் சரிசெய்தாள். திரையில் பச்சை பரந்தது. நடுவில் ஆற்றங்கரை மாதிரி ஒரு நரம்பு. இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை அளவில் சின்னச் சின்ன உதடுகள், சில மூடியும் சில இலேசாகத் திறந்தும்.

“இந்தப் பட்டனை அமுக்குங்க.”

“ஐயோ, நான் மாட்டேன். ஒடஞ்சிருச்சின்னா?”

“உடையாதும்மா. நான் செஞ்சதுதானே.”

அந்தப் பதிலைக் கேட்டு பாப்பம்மா மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடங்காத விரலை நீட்டி அம்புக்குறியை அழுத்தினாள். டிக். பச்சை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தது. சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“நானா?”

“நீங்கதான்.”

மறுபடி அழுத்தினாள். மறுபடி நகர்ந்தது. திருகாணியைப் பிடித்துத் திருக அவளால் ஒருநாளும் முடிந்திருக்காது. ஆனால் இதற்கு விரலை மடக்கவே வேண்டியதில்லை, தட்டினால் போதும். இடது, வலது, மேலே, கீழே. பத்து நிமிடத்தில் பாப்பம்மா கதிரையின் நுனியிலிருந்து நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த வாயி எல்லாம் என்ன?”

“இலை மூச்சு விடுறது அதாலதான். வெயில் கூடினா மூடிக்கும். மத்தியானத்துல பார்த்தா நெறைய மூடியிருக்கும்.”

“ஒரு எலையில இப்புடி எத்தன இருக்கும்?”

“நாலு லட்சம் இருக்கும்மா. கூடவும் இருக்கலாம்.”

பாப்பம்மாவின் விரல் அம்புக்குறியின் மேல் அப்படியே நின்றது. வெளியே யாரோ நடைபாதையில் பேசிக்கொண்டு போனார்கள். அவள் எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதுபோல உதடு அசைந்தது. ஓர் இலை. ஒரு பிடி. ஒரு சாக்கு. ஒரு நாள். அதற்கு மேல் கூட்ட முடியாமல் விட்டுவிட்டாள்.

“அப்ப முப்பத்தொரு வருசமா நான் என்னத்தப் பறிச்சேன்?” என்றாள்.

அது தர்ஷிகாவிடம் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை.

நரம்போரமாகவே பாப்பம்மா இலையை நகர்த்திக்கொண்டு போனாள். காம்புக்குக் கிட்டே வந்தபோது திரையின் ஓரத்தில் ஏதோ சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. உள்ளங்கை அளவில், குங்குமச் சிவப்பில், எட்டுக் காலோடு ஒரு பிராணி திரைக்குள் வந்தது. கண்ணாடியால் செய்ததுபோல் மினுங்கியது. முன்கால் ஒன்றைத் தூக்கி, எங்கே வைக்கலாம் என்று யோசிப்பதுபோல வைத்தது.

“அடியாத்தே, உசுரோட இருக்குது!”

அது நடந்தது. திரையை விட்டு வெளியே போகப் பார்த்தது. பாப்பம்மா தட்டினாள், அது நடுவுக்கு வந்தது. மறுபடி நடந்தது. மறுபடி தட்டினாள். அது திரும்பினால் இவளும் திரும்பினாள். முதலில் இரண்டு தட்டுக் கூடிப்போய்ப் பிராணி காணாமல் போயிற்று. பிறகு அதன் நடையின் வேகம் அவள் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. தர்ஷிகா பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நான்கு நாளில் அவள் இலையைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் படம் எடுத்திருந்தாள், அவ்வளவுதான். நடக்கிற உயிர் ஒன்றைப் பின்தொடரலாம் என்பது அவளுக்கே தோன்றவில்லை. அம்மாவின் விரலிலிருந்து எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வயரில் ஓடின. அந்த முனையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் காலடியில், அதன் ஒவ்வோர் எட்டுக்கும் ஈடாக, அதற்கு மலைச்சரிவாக இருந்த இலை அசைந்து கொடுத்தது.

ராஜலிங்கம் எப்போது உள்ளே வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராணி நரம்பின் பள்ளத்தில் இறங்கி நின்றது. அங்கே சிவப்பு மணிகள் ஏழெட்டு ஒட்டிக் கிடந்தன.

“முட்டை” என்றார் ராஜலிங்கம், மெதுவாக.

பாப்பம்மா பதறி எழும்பப் பார்த்தாள். “இருங்கம்மா, இருங்க. விட்டுராதீங்க, அப்படியே பிடிச்சுக்கங்க” என்று அவர் அவசரமாகச் சொன்னார். பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்தார். “சிவப்பு உண்ணி. இது எந்த மலையில எடுத்தது?”

“பத்தாம் நம்பர் மலைங்க சேர். மேட்டுப் பக்கம். அங்கதான் எல அடியில செம்பு மாதிரி நிறம் மாறிக் கொட்டுது. மண்ணுல சத்தில்லன்னு கங்காணி சொன்னாரு. அப்ப நெசமான காரணம் இதுதானுங்களா?”

“இதுவாத்தான் இருக்கணும். எத்தனை செடியில அப்படி இருக்கு?”

“நடந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும். ஆறு வரிசை இருக்கும். மேல இருந்து கீழ எறங்குது, போன மாசத்த விட இப்ப ரெண்டு வரிசை கூட.”

ராஜலிங்கம் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்த வார்த்தைகளை அப்படியே எழுதினார். பாப்பம்மா அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. உண்ணி மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு அவள் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்ததில் தர்ஷிகா அவளை ஏற்றிவிட்டாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் சனநெரிசலுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்த பாப்பம்மா, மகளின் கையை ஜன்னல் வழியே பிடித்தாள். பிள்ளை படித்து வேலைக்குப் போகிறாள் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால் ஆபீஸ் வேலை என்பாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரிந்ததில்லை.

“யாரு கேட்டாலும் இனி நான் சொல்லுவேன்” என்றாள். “என் மக ஒரு சாமானுக்குக் காது வச்சிருக்கான்னு.”

பத்து நாள் கழித்து ராஜலிங்கமும் தர்ஷிகாவும் மடுல்கெல்லவுக்குப் போனார்கள். பாப்பம்மா முன்னால் ஏற, பத்தாம் நம்பர் மலையில் செடி செடியாகப் பார்த்தார்கள். அவள் சொன்னதைவிட ஒரு வரிசை கூடுதலாக இருந்தது. ராஜலிங்கம் தோட்டத்து ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே மருந்தடிப்பு தொடங்கியது. கீழ் வரிசைகள் தப்பின.

அடுத்த கிளினிக் நாளில் ஆய்வுகூடத்து வாசலில் நான்கு சோடி செருப்புகள் கிடந்தன. பாப்பம்மாவோடு தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு லஞ்ச் சீட்டுப் பொதி. அவரவர் நிரையில் எடுத்த இலை.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாளுங்க” என்றாள் பாப்பம்மா. “அதான் கூட்டியாந்துட்டேன்.”

தர்ஷிகா கதிரையை இழுத்துப்போட்டாள். ராஜலிங்கம் கதவோரம் வந்து நின்றார். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். முதல் தட்டில் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள். எல்லோரும் “நானா?” என்றுதான் கேட்டார்கள். பாப்பம்மா பின்னால் நின்று, “மெதுவா, ஒரு தட்டுத்தான். அவசரப்படாத” என்று சொல்லிக் கொடுத்தாள்.

மூன்றாவதாக உட்கார்ந்தவள் அன்னலட்சுமி. அதிகம் பேசாதவள். அவள் தன் கொழுந்தை மேடையில் வைக்கச் சொல்லி, கிள்ளிய இடத்துக்கே தட்டித் தட்டி நகர்த்திப் போனாள். திரையில் அது பிய்ந்த கரை மாதிரித் தெரிந்தது. ஈரம் கசிந்து, விளிம்பு நெடுகப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, வாய்கள் இன்னும் இலேசாகத் திறந்தபடி இருந்தன.

“கிள்ளி மூணு மணித்தியாலம் ஆச்சு” என்றாள் அன்னலட்சுமி. “இன்னும் மூச்சு விடுதா சேர்?”

“விடும். கொஞ்ச நேரத்துக்கு விடும்.”

“அப்ப கிள்ளுறது அதுக்குத் தெரியுமா?”

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். இலையைப் பற்றி என்ன கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். இருபத்தாறு வருடமாக அதைத்தான் பார்க்கிறார். நான்கு பெண்களும் தர்ஷிகாவும் அவரைப் பார்த்தார்கள்.

“தெரியலம்மா” என்றார்.

பிறகு மூலையில் கிடந்த இன்னொரு கதிரையை இழுத்து வந்து, அன்னலட்சுமிக்குப் பக்கத்தில் போட்டு, அவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.